கொல்லிமலைப் பள்ளி: ஊழியம் ஊழியருக்குக் கற்பிப்பது என்ன?

இறையியற் கல்லூரியில் பயிலும் மாணவர் ஒருவரை, "நீங்கள் எதற்காகப் பயில்கிறீர்கள்?" என்று கேட்டால், "ஊழியம் செய்வதற்காக" என்று விடை கூறுவார். முதலில் கற்றல், பின்னர் ஊழியம் என்னும் வரிசை இவ்விடையில் அடங்கியுள்ளது. கற்றதைக் கொண்டு சென்று கொடுப்பதே ஊழியம் என்பது நம்முடைய பொதுவான எண்ணம். ஆனால் நற்செய்தி நூல்களை நோக்கினால் வரிசை இவ்வளவு தெளிவாக இல்லை. சீடர்கள் முழுமையாகக் கற்றுத் தேறிய பின் அனுப்பப்படவில்லை. அனுப்பப்பட்ட வழியிலேயே கற்றார்கள். ஊழியம் அவர்களுக்குத் தேர்வுக்கூடமாக மட்டுமன்று, பள்ளிக்கூடமாகவும் இருந்தது.

அப்படியானால் ஊழியம் ஊழியருக்குக் கற்பிப்பது என்ன? விசுவாசத்தையும் மனதுருக்கத்தையும் ஊழியத்திற்கு முன்னரே நாம் பெற்றுவிடுகிறோமா, ஊழியத்தின் ஊடாகவே பெறுகிறோமா? இவ்வினாவைக் கருத்து அளவில் ஆராய்வதைவிட, சேலம், நாமக்கல் சமவெளியிலும் அதனை அடுத்த கொல்லிமலையிலும் நிகழ்ந்த ஒரு திருப்பணியின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது நமக்குப் பயன் தரும். ஜெஸ்ஸி பிராண்ட், அவர் மனைவி ஈவ்லின், அவர்கள் மகன் பால் பிராண்ட் ஆகியோரின் வரலாறே அது.

1. களம்

நாமக்கல்லுக்கு அருகிலுள்ள சேந்தமங்கலத்தில் நின்று வடகிழக்கே நோக்கினால் கொல்லிமலை சுவர் எழுப்பியது போல் தோன்றும். சங்க இலக்கியம் போற்றும் வள்ளல் வல்வில் ஓரி ஆண்ட மலை இது. மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடியினர் இங்கே சாமை, கேழ்வரகு முதலிய தானியங்களைப் பயிரிட்டு வாழ்ந்து வந்தனர். அவர்களுடைய முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட சாலை மலைமேல் செல்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, காட்டுப் பாதையில் நடந்தோ டோலியில் அமர்ந்தோதான் ஏற வேண்டும். மலேரியாவுக்கு அஞ்சிச் சமவெளியினர் மலையில் இரவு தங்குவதைத் தவிர்த்தனர். வணிகத்திற்காகவும் வட்டிக்குக் கடன் கொடுப்பதற்காகவும் மலைக்குச் சென்றவர்கள் உண்டு. அங்கேயே வாழச் சென்றவர்கள் அரியர்.

அக்காலத்தில் நாமக்கல் தனி மாவட்டமாக இருக்கவில்லை. நாமக்கல் தனி மாவட்டமானது 1997ஆம் ஆண்டிலேயே. 1861இல் இங்கிலாந்தில் நிறுவப்பட்ட ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் இச்சமவெளியில் பணியாற்றி வந்தது. அச்சங்கத்தின் ஊழியராக 1907இல் இந்தியா வந்தவர் ஜெஸ்ஸி பிராண்ட். அவர் முழுத் தகுதி பெற்ற மருத்துவர் அல்லர். மிஷனெரிகளுக்கென நடத்தப்பட்ட குறுகிய கால மருத்துவப் பயிற்சியை மட்டும் பெற்றிருந்தார். இலண்டனில் செல்வக் குடும்பத்தில் 1879இல் பிறந்து ஓவியம் பயின்ற ஈவ்லின் ஹாரிஸ் பின்னர் வந்து சேர்ந்தார். 1913இல் இருவரும் சேந்தமங்கலத்தில் மணம் புரிந்துகொண்டு மலையேறினர். வாழவந்தியில் ஜெஸ்ஸி தம் கைகளாலேயே கட்டியிருந்த மரவீடு அவர்களுக்கு இல்லமாயிற்று. 1914இல் பால் பிறந்தார். பின்னர் ஒரு மகளும் பிறந்தாள்.

2. பலனற்ற ஆண்டுகள்

மருத்துவம், பள்ளி, நற்செய்தி அறிவிப்பு ஆகிய மூன்றையும் அவர்கள் தொடங்கினர். மக்கள் மருந்து வாங்க வந்தார்கள். பல் பிடுங்கிக்கொள்ள வந்தார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள வந்தார்கள். ஆயினும் முதல் ஆண்டுகளில் ஒருவரும் திருமுழுக்குப் பெற முன்வரவில்லை. மலையின் பூசாரி ஒருவர் இவர்களைக் கடுமையாக எதிர்த்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. தம் மக்களின் வழிபாட்டையும் ஒழுங்கையும் காக்கும் பொறுப்பு தம்முடையது என்று கருதிய ஒருவர், வேற்று நாட்டினரை ஐயத்துடன் நோக்கியது வியப்பன்று.

இவ்வாண்டுகளை மிஷனெரி வரலாறுகள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடும். நாம் சற்று நிற்க வேண்டிய இடம் இதுவே. ஊழியத்தின் நோக்கம் எண்ணிக்கை மட்டுமே எனில், ஆண்டறிக்கையில் எழுத ஏதுமில்லாத இந்த ஊழியர்கள் இரண்டாம் ஆண்டிலேயே மலையை விட்டு இறங்கியிருக்க வேண்டும். அன்றேல் மருந்து பெற வருவோரிடம் அதற்கு ஈடாக விசுவாசத்தை எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. நன்றி கூறி மருந்தைப் பெற்றுக்கொண்டு, போதனையை ஏற்காமல் திரும்பியவருக்கும் மறுமுறை மருந்து கிடைத்தது.

விசுவாசத்தின் முதற்பாடம் இங்கே உள்ளது. விதைப்பவன் ஒருவன், அறுப்பவன் ஒருவன் என்று ஆண்டவர் சமாரியாவில் உரைத்ததை (யோவான் 4:37-38) நாம் பிரசங்கத்தில் எளிதாக விளக்குகிறோம். விதைப்பவன் அறுவடையைக் காணாமலே இருக்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டு ஐந்தாம் ஆண்டிலும் விதைப்பதே அவ்வசனத்தின் உண்மையான விளக்கவுரை. நம் பணியின் பலனைக் கொண்டு தேவனுடைய உண்மையை அளப்பதை நிறுத்தும்போதுதான் விசுவாசம் விசுவாசமாகிறது.

3. நம்பியவர் யார்?

1918ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய இன்ஃபுளுயன்சா கொள்ளைநோய் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அது கொல்லிமலைக்கும் வந்தது. நோயுற்றோரின் அருகே செல்ல உறவினரும் அஞ்சினர். நோயினால் மட்டுமன்றி, கஞ்சி ஊற்ற ஆளின்றியும் மக்கள் மடிந்தனர். பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று ஊட்டினர். எதிர்த்து நின்ற பூசாரியின் இல்லத்திலும் நோய் புகுந்தது. அங்கும் அவர்கள் சென்றார்கள். மரணம் நெருங்கியதை உணர்ந்த அப்பூசாரி, தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டு இறந்தார். அதன் பின்னரே மலைமக்களிடையே ஒரு சிறு திருச்சபை உருவாகத் தொடங்கியது.

இந்நிகழ்ச்சியை "எதிரி வெல்லப்பட்டான்" என்னும் முறையில் கூறுவது வழக்கம். அவ்வாறு கூறினால் அதன் ஆழத்தை இழந்துவிடுவோம். இங்கே பெரிய நம்பிக்கையைக் காட்டியவர் யார்? மொழி வேறு, நிறம் வேறு, சமயம் வேறு. நேற்று வரை தாம் எதிர்த்தவர்கள். அத்தகையோர் கையில் தம் குழந்தைகளை வைத்துவிட்டுக் கண்மூடிய அம்மனிதரல்லவா? ஊழியர்கள் பல ஆண்டுகளாக விசுவாசத்தைப் பற்றிப் போதித்தார்கள். ஒருவரிடம் தன்னை முழுமையாக ஒப்படைத்தல் எப்படிப்பட்டது என்பதை அவர்களுக்குக் காட்டியவர் அந்தப் பூசாரி. நூற்றுக்கு அதிபதியிடத்தும் கானானியப் பெண்ணிடத்தும் கண்ட விசுவாசத்தை ஆண்டவர் வியந்து பாராட்டினார் (மத்தேயு 8:10, 15:28). இஸ்ரவேலுக்கு வெளியே இருந்தோர் சீடர்களுக்கு ஆசிரியர்களாயினர். கொல்லிமலையிலும் அதுவே நிகழ்ந்தது.

அந்நம்பிக்கை ஒரே நாளில் பிறந்ததன்று என்பதையும் கவனிக்க வேண்டும். கொள்ளைநோயின்போது மட்டும் மலையேறி வந்த புதியவரிடம் எவரும் பிள்ளையை ஒப்படைக்கமாட்டார். பலனற்றவை என்று எண்ணத்தக்க அந்த ஐந்து ஆண்டுகளையும் அம்மனிதர் கவனித்துக்கொண்டிருந்தார். எண்ணிக்கையில் இடம்பெறாத ஆண்டுகள் சாட்சியில் இடம்பெற்றன.

4. கட்டுப் போடும் கையும் சுவர் எழுப்பும் கையும்

நல்ல சமாரியன் உவமையில் (லூக்கா 10:25-37) ஆளப்பட்டுள்ள கிரேக்க வினைச்சொல்லாகிய ஸ்பிளாங்க்னிசோமாய் என்பது குடல் அசைதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. நம்முடைய பழைய திருப்புதல் அதனை மனதுருகுதல் என்று வழங்குகிறது. மனம் உருகுதல் உணர்ச்சியில் தொடங்குவதே. ஆனால் உவமையில் அது எண்ணெய், திராட்சரசம், வாகனம், சத்திரம், இரண்டு பணம், மீண்டும் வருவேன் என்னும் வாக்கு என்று விரிகிறது. மனதுருக்கத்திற்குத் திட்டமும் உண்டு.

கொல்லிமலையில் இதற்கோர் எடுத்துக்காட்டு நரம்புச் சிலந்தி நோய். காலில் கொப்புளம் தோன்றி உடைய, அதன் வழியே நூல் போன்ற நீண்ட புழு வெளிப்படும்; ஒரு மீட்டர் அளவுக்கு நீள்வதும் உண்டு. அதனை ஒரு குச்சியில் சுற்றி, நாள்தோறும் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். அறுந்துவிட்டால் சீழ் பிடித்துக் கால் வீங்கும். உழவுக் காலத்தில் குடும்பமே முடங்கும். ஜெஸ்ஸி இவ்வாறு எத்தனையோ புழுக்களைப் பொறுமையுடன் வெளியே எடுத்தார். ஆயினும் அடுத்த ஆண்டும் அதே ஊரிலிருந்து நோயாளிகள் வந்தனர். ஏன்? நோயுற்றவர் எரிச்சல் தணிய நீரில் காலை வைக்கும்போது புழு தன் நுண்குஞ்சுகளை நீரில் விடுகிறது. அவற்றைச் சிறு நீர்த்தெள்ளுகள் உட்கொள்கின்றன. அந்நீரைக் குடிப்பவர் உடலில் ஓராண்டு கழித்துப் புழு வெளிப்படுகிறது. இறங்கி நின்று நீர் மொள்ளும் குளமும் படிக்கிணறுமே நோயின் ஊற்று. ஆகவே பிராண்ட் தம்பதியர் மக்கள் நீரில் இறங்காதபடி கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பவும், கயிறும் வாளியும் கொண்டு நீர் இறைக்கவும் மக்களைத் தூண்டினர். இதற்கு மாத்திரையோ தடுப்பூசியோ இல்லை, இன்றும் இல்லை. கிணற்றுச் சுவரும் வடிகட்டிய நீருமே மருந்து. பிற்காலத்தில் அரசு மேற்கொண்ட தேசியத் திட்டமும் இவ்வழியிலேயே சென்றது. 1996க்குப் பின் இந்தியாவில் நோயாளி எவருமில்லை. 2000ஆம் ஆண்டில் நாடு இந்நோயினின்று விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இதிலுள்ள இறையியல் தெளிவானது. காயத்தைக் கட்டுவது இரக்கம். எரிகோ சாலையைப் பாதுகாப்பானதாக்குவதும் இரக்கமே. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. புழுவை எடுக்காமல் சுவர் கட்டுவதைப் பற்றி மட்டும் பேசுபவர் இன்று துடிப்பவரைக் கைவிடுகிறார்; சுவர் கட்டாமல் புழுவை மட்டும் எடுப்பவர் நாளை துடிக்கப்போகிறவரைக் கைவிடுகிறார். மலையில் பட்டுப்புழு வளர்ப்பு, தச்சுத் தொழில், ஓடு செய்தல் முதலியவற்றையும் ஜெஸ்ஸி கற்பித்தது இதே நோக்கில்தான். கடன்பட்ட மனிதனின் புண், கடன் தீரும்வரை முழுமையாக ஆறுவதில்லை என்பதை மருந்துப்பெட்டி அவருக்குக் கற்பித்தது.

5. மலையைக் கேட்ட முதியவள்

1929 ஜூன் மாதத்தில், மலேரியாவின் கொடிய விளைவாகிய கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி மலையிலேயே இறந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. பள்ளிப் படிப்பிற்காக 1923இல் இங்கிலாந்தில் விடப்பட்ட பால், தந்தையை மீண்டும் காணவே இல்லை. மரணச் செய்தி தந்தியில் வந்துவிட்டது. கப்பலில் வந்த தந்தையின் கடிதங்களோ அதற்குப் பின்னரும் வந்துகொண்டிருந்தன.

ஈவ்லின் சிறிது காலம் தாய்நாட்டில் தங்கிவிட்டு இந்தியாவுக்குத் திரும்பினார். மிஷன் அவரைச் சமவெளிப் பணியில் அமர்த்தியது. 1940களின் பிற்பகுதியில், அறுபத்தெட்டு வயதை எட்டியபோது, இனிப் பணிக்காலத்தை நீட்டிக்க இயலாது என்று மிஷன் முடிவு செய்தது. இறுதியாக ஓராண்டு மட்டும் மலையில் தங்க அனுமதி பெற்ற ஈவ்லின், அவ்வாண்டு முடிந்ததும் மிஷனிலிருந்து விலகி, சொந்தப் பொறுப்பில் மலையிலேயே தங்கிவிட்டார். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, பெரியமலை, சித்தேரி மலை ஆகிய ஐந்து மலைத்தொடர்களிலும் பணியாற்ற வேண்டும் என்பது அவரும் கணவரும் கொண்டிருந்த கனவு. மட்டக்குதிரையில் ஏறியும், இடுப்பெலும்பு முறிந்து நடை தளர்ந்த பின் இரு மூங்கில் கோல்களை ஊன்றியும் அவர் ஊர் ஊராகச் சென்றார். 1974 டிசம்பரில் தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமான அவர், கணவரின் கல்லறைக்கு அருகே மலையில் அடக்கம் செய்யப்பட்டார்.

எண்பத்தைந்து வயதில் காலேப் யோசுவாவிடம் மலைநாட்டைத் தனக்குத் தருமாறு கேட்டான் (யோசுவா 14:10-12). அவன் கேட்டது சுதந்தரித்துக்கொள்ள. இம்மூதாட்டி கேட்டது ஊழியம் செய்ய. ஆனால் இவ்வரலாறு நமக்கு ஓர் இக்கட்டான வினாவையும் எழுப்புகிறது. மிஷன் எடுத்த முடிவு தவறானதா? முதியவரின் உடல்நலனுக்கும் இளையோரின் வாய்ப்புக்கும் பொறுப்பேற்கும் எந்த அமைப்பும் ஓய்வு வயதை வகுக்கத்தான் வேண்டும். அமைப்பின் ஒழுங்கைத் தூற்றுவதற்கு ஈவ்லினை நாம் சான்றாக அழைப்பது முறையன்று. அவர் பதவியையும் ஊதியத்தையும் ஒழுங்கின்படி விட்டுக்கொடுத்தார். அழைப்பை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பதவியைப் பற்றிக்கொண்டு அழைப்பை விட்டுவிடுவது திருச்சபையில் அரிதன்று. அதற்கு நேர்மாறானதைச் செய்தவர் என்பதே அவரிடம் நாம் கற்க வேண்டியது.

6. அஞ்சிய இரக்கமும் அறிந்த இரக்கமும்

பால் பிராண்ட் சிறுவராக இருந்தபோது தொழுநோயாளர் மூவர் வீட்டிற்கு வந்த நிகழ்ச்சியைப் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். தந்தை கையுறை அணிந்து அவர்கள் பாதங்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். அவர்கள் சென்றபின், தொட்ட கூடை எரிக்கப்பட்டது. அவர்கள் இருந்த இடத்தை நெருங்க வேண்டாமென்று குழந்தைகள் தடுக்கப்பட்டனர். அன்றைய மருத்துவ அறிவு அவ்வளவே. அங்கே இரக்கம் இருந்தது. அச்சமும் அதனுடன் இருந்தது.

புண்ணையும் சீழையும் கண்டு அருவருத்த பால், முதலில் மருத்துவம் வேண்டாமென்று கட்டடத் தொழில் பயின்றார், பின்னரே மருத்துவரானார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். அடுத்த ஆண்டு, தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேனுடன் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, விரல்கள் மடங்கிய ஒரு நோயாளியின் கையைப் பற்றி, தம் கையை அழுத்துமாறு கேட்டார். எதிர்பாராத வலிமையுடன் அக்கை அழுத்தியது. தசைகள் எல்லாம் செத்துவிடவில்லை என்பதை அத்தீண்டுதல் அவருக்கு உணர்த்தியது. நல்ல தசையின் நாணை இடம் மாற்றி மடங்கிய விரல்களை இயங்கச் செய்யும் அறுவை முறை அதிலிருந்து வளர்ந்தது. விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை. வலியை உணராத கை சூட்டையும் வெட்டையும் அறியாமல் தன்னையே சிதைத்துக்கொள்கிறது என்பதையும் அவரும் உடன் உழைத்தோரும் நிறுவினர். நோயாளர் தொழில் கற்று வாழ 1951இல் வேலூரில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டபோது, அவர் பயின்ற தச்சும் கட்டடக் கலையும் வீணாகவில்லை.

ஆண்டவர் மனதுருகித் தொழுநோயாளியைத் தொட்டார் என்று மாற்கு எழுதுகிறார் (1:40-42). தந்தையின் கையுறைக்கும் மகனின் வெறுங்கைக்கும் இடையே உள்ளது அன்பின் வேறுபாடன்று, அறிவின் வேறுபாடு. தொழுநோய் எளிதில் தொற்றுவதன்று என்பதை அறிந்தபோது இரக்கத்தின் கை விடுதலை பெற்றது. ஆகவே ஆராய்ச்சியும் கல்வியும் ஊழியத்திற்கு அயலானவையல்ல. அறியாமையால் ஒருவரை ஒதுக்கி வைத்துவிட்டு அவருக்காக மன்றாடுவது முழுமையான மனதுருக்கமாகாது.

வலியைத் தேவனுடைய ஈவாகக் காணும் சிந்தனையையும் பால் பிராண்ட் இந்நோயாளரிடமிருந்தே கற்றார். ஓர் உறுப்பு பாடுபட்டால் எல்லா உறுப்புகளும் பாடுபடும் என்னும் பவுலின் போதனை (1 கொரிந்தியர் 12:26) இங்கே கூர்மை பெறுகிறது. உணர்விழந்த கையைப் போலவே, தன் உறுப்பினரின் வலியை உணராத திருச்சபையும் தன்னையறியாமல் தன்னைச் சிதைத்துக்கொள்ளும். சேரியில் எரியும் நெருப்பு ஆலயத்தில் சுடவில்லை எனில், நலமாக இருப்பதற்கு அது அடையாளமன்று.

7. இரு எச்சரிக்கைகள்

இவ்வரலாற்றைப் போற்றும்போது இரண்டை மறக்கலாகாது. முதலாவது, சேவையைத் தூண்டிலாக்குதல். மருந்தும் பள்ளியும் மனமாற்றத்திற்கு விலையாகும்போது அவை இரக்கமாக இருப்பதை நிறுத்திவிடுகின்றன. அதற்காக ஊழியர் தம் நம்பிக்கையை மறைக்க வேண்டியதில்லை. மறுப்பவருக்கும் அதே மருந்து, அதே மரியாதை என்பதே சோதனைக்கல். கொல்லிமலையில் பலனற்ற ஆண்டுகள் இச்சோதனைக்கு விடையாக நிற்கின்றன.

இரண்டாவது, பெயர்களின் மறைவு. பிராண்ட் குடும்பத்தின் பெயர்கள் நூல்களில் நிலைத்துவிட்டன. டோலி சுமந்தவர், மொழி கற்பித்தவர், கல் சுமந்து கிணற்றுச் சுவர் எழுப்பியவர், மலைப்பள்ளிகளில் ஆசிரியராய் நின்று மலேரியாவை ஏற்றவர், தள்ளாத முதியவளைத் தாங்கி ஊர் ஊராக அழைத்துச் சென்றவர் ஆகியோரில் பலரை நாம் பெயர் சொல்லி அழைக்க இயலாது. அவர்களின்றி இவ்வூழியம் ஒரு நாளும் நடந்திராது. ஆயர்கள் தத்தம் சபையின் பழைய பதிவேடுகளைத் திறந்து, முதியோரின் வாய்மொழியைக் கேட்டு, இத்தகையோரின் பெயர்களை எழுதி வைப்பார்களாயின், அதுவும் இரக்கத்தின் பணியே.

8. முடிவுரை

ஊழியம் ஊழியருக்குக் கற்பித்தவற்றைத் தொகுத்துக் கூறின், பலனைக் காணாமலும் நிலைத்திருத்தல், பிறர் நம்மீது வைக்கும் நம்பிக்கையிலிருந்து விசுவாசத்தைக் கற்றல், காயத்தோடு காரணத்தையும் காணுதல், பதவியினின்று அழைப்பைப் பிரித்தறிதல், அச்சத்தை அறிவினால் களைந்து தொடுதல் ஆகியனவாகும். இவற்றுள் எதனையும் ஜெஸ்ஸியோ ஈவ்லினோ பாலோ முழுமையாகப் பெற்றுக்கொண்டு புறப்படவில்லை. நோயாளரும், எதிர்த்தவரும், மலைமக்களும் அவர்களுக்கு ஆசிரியர்களாயினர்.

நம் இறையியல் மாணவர்கள் விடுமுறைக் காலப் பயிற்சிக்குச் சபைகளுக்கும் சிற்றூர்களுக்கும் அனுப்பப்படுகின்றனர். திரும்பியதும், எத்தனை கூட்டங்கள் நடத்தினீர்கள், எத்தனை வீடுகளைச் சந்தித்தீர்கள் என்று அறிக்கை கேட்கிறோம். அவ்வறிக்கைப் படிவத்தில் இன்னும் ஒரு வினாவைச் சேர்க்கலாம்: அங்கே உங்களுக்குக் கற்பித்தவர் யார், அவர் கற்பித்தது என்ன? இதற்கு விடை எழுத முடியாத மாணவர், எத்தனை பிரசங்கம் செய்திருந்தாலும், பயிற்சியை இன்னும் தொடங்கவில்லை என்றே கொள்ள வேண்டும். ஆயர்களாகிய நாமும் அவ்வினாவுக்கு ஆண்டுதோறும் விடை எழுதக் கடமைப்பட்டவர்களே.